கட்டில் போடும் இடம்

மாதுங்காவில் பூங்காவை ஒட்டி, உலகப் போருக்கு முந்தைய கட்டடம். இரண்டாம் மாடி வீடு விலைக்கு வந்திருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அத்தனையும் பால்வெள்ளையாக மறைக்கப்பட்டிருந்தன.

"பூங்காக் காட்சியை ஓனர் தனியா வித்துட்டாரும்மா. இப்ப அது கேமரா வழியா துபாய்ல ஒருத்தர் வீட்டுச் சுவத்துத் திரையில தெரியுது. இங்க தெரியக் கூடாதுன்னு ஒப்பந்தம்," என்றார் தரகர் முத்தரசு.

வீடு பார்க்க வந்த வைதேகி அண்ணாந்து பார்த்தாள். கூரையை ஒட்டி, கயிறு இழுத்துத் திறக்கும் பழைய வென்டிலேட்டர். "இதையும் வித்தாச்சா?"

முத்தரசு காட்சியை விற்ற பத்திரத்தைப் புரட்டினார். "ஆறு ஜன்னல்னு மட்டும்தான் போட்டிருக்கு. அந்த உசரத்துல போய் யாரும்மா எட்டிப் பாக்கப் போறாங்க?"

அவள் கயிற்றை இழுத்துவிட்டு வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள். திறப்பின் வழியே பூங்காவின் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சி தெரிந்தது, கிளிகளோடு.

"எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகி ரெண்டு வருஷமாச்சு," என்றாள் எழாமலே. "கட்டில் இங்கதான் வரணும்."