புதுக் குழாயின் குரல்

கடையில் ஒவ்வொன்றாக விரலால் தட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் இந்த நாலு கிளைப் புகைக்குழாயைத்தான் தேவசகாயம் தன் பழைய காருக்கு எடுத்தார். "என் குரலுக்கு மயங்கிட்டார்" என்று அது வழியெல்லாம் பூரித்துப் போயிருந்தது.

மெக்கானிக் துருப்பிடித்த குழாயைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுப் புதியதை இன்ஜினோடு சேர்த்து முடுக்கினார்.

"வந்துட்டியா மரகதம்?" என்றது இன்ஜின்.

"மரகதமா? நான் புதுசு. என் பேரு வெண்கொடி."

"வந்த புதுசுல எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. நீ அஞ்சாவது மரகதம்."

வெண்கொடி மூலையைப் பார்த்து, "அக்கா, உங்க பேரு மரகதமா?" என்று கேட்டது.

"என் சொந்தப் பேரு மறந்தே போச்சு தாயி," என்றது பழைய குழாய். "முதல் சூடு ஏறும்போது உன் பேரைக் கெட்டியாப் பிடிச்சுக்க. விட்டுடாத."

தேவசகாயம் சாவியைத் திருகினார். நாலு கிளையிலும் நெருப்பு பாய்ந்தது. தன் பேரைச் சொல்லி வெண்கொடி அடித்தொண்டையிலிருந்து கத்தியது. வெளியே வந்ததென்னவோ கரகரத்த கிழட்டு இருமல்தான்.

"அடடா, அதே பழைய சத்தம்!" தேவசகாயத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு மரகதம்," என்றது இன்ஜின் வாஞ்சையாக. "நாளைக்குப் பழகிடும்."