கையை எடுக்கவும்

செயலிழந்த செயற்கைக்கோள்களை விண்வெளியில் அள்ளும் கலத்தை, என் மனைவி மெர்சி நாகர்கோவிலில் எங்கள் படுக்கையறையிலிருந்து ஓட்டுகிறாள். பிள்ளைகள் விளையாடும் அதே ஜாய்ஸ்டிக்தான். பழையது தானாகவே இடப்பக்கம் இழுக்கும். அதை வலப்பக்கம் அழுத்திப் பிடித்தே நேராக ஓட்டிப் பழகிவிட்டாள்.

கம்பெனி புதியது அனுப்பியது. அதில் இழுவையே இல்லை. பழகிய கை அழுத்தியதில் கலம் வலப்பக்கம் போய், அள்ளியதை இறக்கும் விண்வெளி நிலையத்தை உரசப் பார்த்தது. இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்றார்கள்.

“பழசையே மாட்டித் தரட்டா?” என்றேன்.

“வேண்டாம். இதுக்கு என் கையச் சொல்லிக் குடுக்கேன்.”

ஜாய்ஸ்டிக் எங்கே நின்றால் நேர் என்று அதன் நடுநிலையைப் பதியும் திரையைத் திறந்தாள். ‘கையை எடுக்கவும்’ என்றது. அவள் எடுக்கவில்லை. வழக்கம்போல அழுத்திப் பிடித்தபடியே பதிந்தாள்.

“கைய எடுக்கச் சொல்லுதுல்லா?”

“கைய எடுத்துட்டு எவன் ஓட்டுவான்?”

அன்று கலம் நூல் பிடித்தாற்போல் நிலையத்தில் போய்ச் சேர்ந்தது.

மாலையில் அவள் தம்பி அதே ஜாய்ஸ்டிக்கில் விளையாட உட்கார்ந்தான். தொடாமலேயே விளையாட்டில் அவன் கப்பல் இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது.

“அத்தான், இது ரிப்பேரு.”

“ஒரு கோளாறும் இல்லலே. உங்க அக்கா கைக்கு மட்டுந்தான் அது நேரா நிக்கும்.”