பார்க்க மட்டும்

இப்போதெல்லாம் ஒருத்தரும் சொன்ன சொல்லில் நிற்பதில்லை. நேற்று ஒரு பேச்சு, இன்றைக்கு ஒரு பேச்சு. சில்வியாவும் அப்படித்தான்.

என் மகன் சௌந்தர் வேலை பார்க்கும் பெங்களூர் கம்பெனிக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்ன ஆபீஸ் உண்டு. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் சில்வியா. எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி இருக்கிற பெண்.

சௌந்தர் சேர்த்து வைத்த போட்டோக்கள் பெங்களூரில் அவன் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. போன் லைனைப் போட்டு, அவை இங்கேயே இருப்பதுபோல இவள் திறந்து காட்டுவாள்.

செத்துப்போன என் பெண்சாதி ஜெயம்மா, குழாயடியில் குடத்தோடு முறைப்பாள். அடுத்ததில் சௌந்தர், ஸ்கூட்டர் மேல் சாய்ந்துகொண்டு சிரிப்பான்.

இங்கிருந்து பார்க்க மட்டும்தான் முடியும், அழிக்கவோ மாற்றவோ முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அது ஒன்றுதான் இந்த மெஷினில் எனக்குப் பிடித்தது.

இன்றைக்குப் பேச்சு மாறிவிட்டது.

"சாயங்காலம் பெங்களூர்ல அந்த மெஷின்ல இருக்கறதெல்லாம் அழிச்சு வேற ஆளுக்குக் கொடுக்கறாங்க அங்கிள். அதுக்குள்ள போட்டோவெல்லாம் ஃப்ளாப்பியில எடுத்துத் தரேன், வீட்ல வெச்சுக்கோங்க."

"பார்க்கத்தான் முடியும்னே. இப்ப எடுக்கலாம்ன்றே. இன்னாம்மா கதை இது?"

"மாத்தத்தான் முடியாது. இதேபோல இன்னொண்ணு பண்ணிக்கலாம். எடுத்தா குறையறதுக்கு இது இன்னா மோர்ச் சொம்பா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நான் வேலை பார்த்த தங்கச் சுரங்க ஷாஃப்டில் ஓர் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். உள்ளே இறங்கினால் அவன் கையில் இருக்கும், மேலே வந்தால் பலகையில் தொங்கும். ஒரே டோக்கன் இரண்டு இடத்தில் இருந்தால் அதற்குப் பெயர் திருட்டு. நான் இதை வாங்கிக்கொண்டு போனால் அங்கே காலியாகிவிடும். வேறென்ன?

"வேணாம். அங்கயே இருக்கட்டும்."

"விட்டா சாயங்காலத்துக்கு மேல அங்கயும் இருக்காது, இங்கயும் இருக்காது அங்கிள். ஜெயம்மா ஆன்ட்டி போட்டோ உங்ககிட்ட வேற இருக்குதா?"

இல்லை.

"அவன் வந்து தேடினா? நீயா பதில் சொல்லுவே?"

கீபோர்டு மேல் அவள் விரல்கள் நின்றுவிட்டன. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அங்கிள், சௌந்தர் அண்ணனுக்கு மண்ணு போட்டப்ப நானும்தானே பக்கத்துல நின்னேன்."

நின்றாள். நானும்தான் நின்றேன்.

ஆனால் ஆணி அடித்த பெட்டியைத்தான் கொண்டுவந்தார்கள். லாரி ஏறிவிட்டது, முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்றார்கள். திறக்கப் போனேன். நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் ஃப்ளாப்பியை எடுத்து நீட்டினாள்.

"இருக்கிற இடத்திலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் வந்து நின்றது. கடைசி ஆள் இறங்குகிறவரைக்கும் பார்த்துவிட்டு, ஊரிகம் பக்கம் வீட்டைப் பார்த்து நடந்தேன்.