வட்டத்துக்குள் வரும் சக்கரம்

"மறுபடியும் என் சக்கரத்துல வந்து இடிச்சிட்டியேடா யோரிஸ்! கண்ணை எங்க வெச்சிருந்த?"

முழங்கையைத் தேய்த்துக்கொண்டே கத்தினாள் க்ரீட். கென்ட் நகரத் தெருவிழாவில் மதியக் காட்சி அப்போதுதான் முடிந்திருந்தது. கூட்டம் கலைந்து, உருளைக்கிழங்கு வறுவல் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்க. சக்கரம் தானா உள்ள இழுக்குது" என்றான் யோரிஸ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சக்கரம் எப்படித் தானாக இழுக்கும்? கோடை தொடங்கியதிலிருந்து க்ரீட்டின் மண்டையைக் குடைகிற கேள்வி அதுதான்.

இருவரும் பல வருடக் கூட்டாளிகள். ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறி, தரையில் சாக்பீஸால் போட்ட பெரிய வட்டத்தின் மேல், எதிரெதிர் முனைகளில் சுற்றி வருவார்கள். கூட்டத்தில் யாராவது ஓர் இடத்தின் பெயரைக் கத்துவார்கள். அந்த இடத்தில் நடக்கிற நாடகத்தை இவர்கள் அந்த நொடியிலேயே இட்டுக்கட்டிப் பேச வேண்டும். ஒற்றைச் சக்கரம் நின்றால் ஆள் கீழே. ஆகவே நின்று யோசிக்க முடியாது. மிதிக்கிற வேகத்திலேயே பேச்சும் வர வேண்டும். கூட்டாளி என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாது. ஒத்துக்கொண்டு, அதன் மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தொழிலுக்கு அது ஒன்றுதான் சட்டம்.

மதியம் கூட்டம் கொடுத்த இடம், ஒரு வீட்டு வாசல். யோரிஸ் மணியடிப்பதுபோல் பாவனை செய்து, "நீங்க வரச் சொன்ன பல் டாக்டர்" என்றான். க்ரீட் எதிர்முனையிலிருந்து, "வாங்க, மூணு நாளா ஒழுகுது!" என்றாள். கூட்டம் குலுங்கியது. யோரிஸ் சளைக்கவில்லை. "ஒழுகுற பல்லா? அப்ப ஸ்பானரோட வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வட்டத்தை விட்டு உள்ளே வந்தான். வந்தவன் இடித்தான்.

க்ரீட் அவனுடைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஹேண்டில் இல்லாத வண்டி அது. இடுப்பு திரும்பும் பக்கம்தான் சக்கரமும் திரும்பும். சீட் ஒரு நூல் கோணினால்கூட இடுப்பும் கோணும். சீட் நேராகத்தான் இருந்தது. டயரில் காற்று சரி. பெடலில் ஆட்டம் இல்லை. ஒருவேளை தரை சரிவோ? பாட்டில் தண்ணீரைக் கருங்கல் தளத்தில் ஊற்றிப் பார்த்தாள். அது வட்டத்துக்கு வெளியேதான் ஓடியது.

"தரை வெளிய தள்ளுது, நீ உள்ள வர்ற. நேத்து என் சைக்கிளை உனக்குக் கொடுத்தும் பார்த்தாச்சு. அப்பவும் இடிச்ச. அப்ப கோளாறு வண்டியில இல்ல, ஓட்டுறவன்கிட்ட. காலையிலேயே பியரா?"

"காபிதான். வேணும்னா ஊதிக் காட்டட்டுமா?"

"விளையாடாத யோரிஸ். அடுத்த தடவை என் மணிக்கட்டு உடைஞ்சா இந்தக் கோடை முழுக்க வீட்டுலதான் உக்காரணும். பக்கத்துத் தெருவுல வித்தை காட்டுற வார்ட் என்கூட ஓட்டத் தயாரா இருக்கான். சாயங்காலமும் இடிச்சேன்னா, நாளைக்கு நான் அவனோடதான்."

சொல்லிவிட்டு அவனுடைய சைக்கிளை நிமிர்த்தி வைத்தாள். யோரிஸ் தண்ணீர் ஓடிய தடத்தைப் பார்த்தான்.

"சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எப்பவும் இடது பக்கமா வளைஞ்சுதானே சுத்துறோம்? சாயங்காலம் வலது பக்கமா சுத்துவோம்."

"எதுக்கு?"

"கூட்டாளி சொன்னா மறுக்கக் கூடாது."

"அது ஆட்டத்துலடா, மடையா!" என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கூட்டம் கொடுத்த இடம், ரயில் பெட்டி. யோரிஸ் டிக்கெட் இல்லாத பாதிரியாரானான். க்ரீட் பரிசோதகராகி, "ஆண்டவர் பேரைச் சொல்லி ஏறினீங்களே, அவர்கிட்டயாவது டிக்கெட் இருக்கா?" என்று கேட்டாள். அவன் ஒன்று சொல்ல, அவள் அதிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுக்க, பேச்சு நூல் பிடித்ததுபோல் போனது. யோரிஸின் சக்கரம் சாக்பீஸ் கோட்டை விட்டு ஓர் அங்குலம்கூட விலகவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

க்ரீட் குதித்திறங்கி அவனைக் கட்டிக்கொண்டாள். "கண்டுபிடிச்சிட்டேன்! உன் வலது கால்ல பலம் குறைஞ்சுபோச்சு. இடது பக்கம் வளையும்போது வெளிப்பக்கக் காலு அதுதானே? அது சரியா மிதிக்காததால தடுமாறி உள்ள வந்திருக்க. வயசாகுதுடா உனக்கு!"

"இருக்கும்" என்று சிரித்தான்.

"இன்னொண்ணு. இப்பத்தான் நீ முணுமுணுக்காம பேசின. எத்தனை நாளாச்சு இப்படிப் பேசி!"

யோரிஸின் சிரிப்பு மறைந்தது. அவள் முழங்கையை மெல்லப் பிடித்துக்கொண்டான்.

"நான் எப்பவும் இதே குரல்லதான் பேசறேன் க்ரீட். நீ சம்பந்தமில்லாம பதில் சொன்னா ஜனங்க சிரிக்கறாங்க, அதனால உனக்கே தெரியல. இடது பக்கமா சுத்தினா உன் இடது காது என் பக்கம் இருக்கு. அதுல இப்ப உனக்குக் கேக்கறதில்ல. உன் காதுல விழணும்னுதான் ஒவ்வொரு தடவையும் உள்ள வந்தேன்."

க்ரீட்டின் கை தானாக இடது காதுக்குப் போனது.

"இனிமே வலது பக்கமாவே சுத்துவோம்" என்றான்.