ஐந்து மணி ரயில்

“நீ சொல்ற வருஷத்துல ரயிலே ஓடலை, சைலு” என்றார் பக்கத்து வீட்டுக் கருப்பன், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று லுங்கியை உதறிக் காயப்போட்டபடி.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சைலஜாவின் கை நின்றது. வாசல் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த மகள் இனியா நுரை வாயோடு சிரித்தாள்.

எட்டாம் வகுப்பு இனியாவுக்கு இன்னும் பத்து நாளில் ஸ்காலர்ஷிப் பரீட்சை. அவளை விடிகாலையில் எழுப்புவது அண்ணாமலையார் தேரை ஒற்றை ஆளாக இழுப்பது மாதிரி. அதற்கு சைலஜாவிடம் இருந்த ஒரே ஆயுதம் ஒரு கதை. சைலஜா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அவளை யாரும் எழுப்பியதில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டாவது தெரு, இதே வீடு, இதே ஜன்னல். ஐந்து மணிக்கு மீட்டர் கேஜ் ரயில் கூவும். கூவி முடிப்பதற்குள் அவள் முகம் கழுவியிருப்பாள். அந்த வருஷம் பள்ளியிலேயே இரண்டாவது மார்க்.

அந்தக் கதையைத்தான் கருப்பன் இப்போது சாவகாசமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, ஆடிக் கூழ் என்று இந்தப் பக்கம் எங்கே குழாய் ஸ்பீக்கர் அலறினாலும் ஒரு காலத்தில் அது அவருடையதாகத்தான் இருக்கும். இப்போது தொழிலை விட்டுவிட்டார். மொட்டை மாடியில் மிச்சமிருந்த ஒரே குழாயில் புறாக்கள் குடித்தனம் நடத்தின. அவர் குழாய்ச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று, பள்ளிச் சீருடையோடு போய்க் கவுன்சிலரிடம் மனு கொடுத்தவள் சைலஜா. இரண்டு பேரும் அதை மறக்கவில்லை. பேச்சு என்று வந்துவிட்டால் இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதும் இல்லை.

“தினமும் கேட்டேன் சித்தப்பா. என் காதால கேட்டேன்.”

“பெரிய லைன் போடறேன்னு தண்டவாளத்தையே பேத்து அடுக்கி வெச்சிருந்தாங்க. அப்புறம் ரயில் எது மேல வரும்? நடந்தா வரும்?”

சைலஜா அடங்கவில்லை. தனக்கு அந்த ரயில் எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எடுத்துவிட்டாள். துரிஞ்சாபுரத்தில் ஏறும் வெள்ளரிப்பிஞ்சுக் கூடை, மரப்பலகை சீட்டு, மூட்டைப்பூச்சி, டிக்கெட் வாங்காமல் பயணம் செய்யும் ஆட்டுக்குட்டிகள். ஆட்டுக்குட்டிக்கு அவரும் தலையாட்டினார். தன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் அந்த ரயிலில்தான் வந்தார்கள் என்றும், அது மூன்று மணி நேரம் லேட் என்பதால் அந்த மூன்று மணி நேரமும் தான் சுதந்திரமாக இருந்ததாகவும் சொன்னார். ஆனால் வருஷக் கணக்கில் மட்டும் மசியவில்லை.

இனியா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பந்தயத்தை அறிவித்தாள். “தாத்தா சொல்றது நெஜம்னா, இனிமே என்னை அஞ்சு மணிக்கு எழுப்பக் கூடாது. உன் ரயில் கதையும் கூடாது. சரியாம்மா?”

“சரிடி” என்றாள் சைலஜா. தோற்போம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

கருப்பன் உள்ளே போய் ஒரு போட்டோவோடு வந்தார். வாழைக்கன்று கட்டி, மாலை போட்ட எஞ்சின். பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம். தூணில் ஒரு குழாய்.

“கடைசி மீட்டர் கேஜ் ரயிலை வழியனுப்பின விழா. மைக் செட் நம்முளுது. தேதியைப் பாரு.”

மூலையில் சிவப்பு எழுத்தில் தேதி இருந்தது. சைலஜா விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் கால் வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த ரயில் போய்விட்டிருந்தது.

 ஒரு வருஷம் முழுக்க இல்லாத ரயிலுக்கா எழுந்து உட்கார்ந்தோம்? வாழ்க்கையில் தானாகச் செய்ததாக அவள் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

“அப்போ என்னை யாருதான் எழுப்பினது, சித்தப்பா?”

கருப்பன் போட்டோவைச் சட்டையில் துடைத்தார். ஜெயித்தவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. பரீட்சைக்கு எத்தனை நாள் என்று கேட்டார். பத்து என்றாள். “நாள் கம்மியாதான் இருக்கு” என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

அன்று சாயங்காலமே இனியா அம்மாவின் செல்போனை வாங்கி அலாரத்தை அழித்தாள்.  கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். ஸ்காலர்ஷிப் மலையேறிவிட்டது என்று சைலஜா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் அது கேட்டது. இப்போது ஓடும் ரயில்களின் தடித்த ஹாரன் இல்லை. மெல்லியதாக, நீளமாக, கடைசியில் கொஞ்சம் விக்கும், சைலஜா பன்னிரண்டாம் வகுப்பில் தினமும் கேட்ட அதே பழைய கூவல்.

இனியா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “அம்மா, உன் ட்ரெயின்.”

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து. சைலஜா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள்.

பக்கத்து வீட்டு மாடியில், குடியிழந்த புறாக்கள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தன. குழாய் நேராக அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதனடியில் கருப்பன் குனிந்து, பழைய டேப் ரெக்கார்டரில் அணைக்கும் பொத்தானைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார். அது விரலில் தட்டுப்படுவதற்குள் கூவல் முடிந்து, அந்த வழியனுப்பு விழாவில் பேசிய அவர் குரலே குழாயில் கணீரென்று வந்தது: “ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ...”