இருநூற்றுப் பத்து எழுத்து

"அந்தப் பேரைத் தூக்கிடும்மா" என்றார் டென்னிஸ்.

ராமசெல்வி திரையிலிருந்து நிமிர்ந்தாள். "எந்தப் பேரு சார்?"

"மேல ஒரு ஆளு பேரு கீதே. அருள்பிரகாசமோ இன்னாவோ. அத எடுத்தா சரியாப் பூடும்."

ராயபுரத்தில் மருந்துக்கடை மாடியில் இருக்கிற சின்ன கம்பெனி. முதலாளி டென்னிஸ், ஹில்டா அக்கா, சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ராமசெல்வி என்று மொத்தமே மூன்று பேர்.

கன்டெய்னர் லாரி டிரைவர்கள் போனிலேயே துறைமுக கேட் டோக்கன் எடுக்க ஒரு இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தார்கள். இன்று நாலு மணிக்கு லாரி சங்கத்து ஆட்கள் வருகிறார்கள். எண்ணூர் ரோட்டில் வரிசையில் நிற்கும் டிரைவர் மணியின் விரிசல் விழுந்த போனில் அதைத் திறந்து பார்ப்பார்கள். சட்டென்று திறந்தால் ஆர்டர். சுற்றிக்கொண்டே இருந்தால் கிடையாது.

போன வாரம் மணி வந்து சொன்னதை டென்னிஸ் அப்படியே பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். 'பழைய பக்கம் தொறக்கறதுக்குள்ள என் டோக்கன் பின்னாடி வண்டிக்குப் பூட்ச்சு நைனா. ஒரு நாள் பூரா ரோட்லயே கெடந்தேன்.'

அதற்குக் கீழே சிவப்பு மையில் புதுப் பக்கத்தின் அளவு: 'பதினாலு கேபி. ஒரு எழுத்து தாண்டக் கூடாது.' அதற்குள் அடங்கினால் சிக்னல் இல்லாத இடத்திலும் முதல் வீச்சிலேயே பக்கம் வந்து விழுந்துவிடும் என்பார்.

அவள் எழுதிய எண்பது கோப்புகளையும் ஒன்றாகக் கட்ட பண்ட்லர் என்ற ஒரு குட்டி மென்பொருள் கொடுத்திருந்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. தேவையில்லாததை எல்லாம் உதிர்த்துவிட்டு மிச்சத்தை இறுக்கிக் கட்டும். தன் பங்குக்கு நாலு வரி சேர்த்து, அதன் தலையில் ஒரு குறிப்பும் வைக்கும். 'எழுதியவர் அருள்பிரகாசம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இந்தக் குறிப்பை மட்டும் எடுக்க வேண்டாம்.' கூடவே ஒரு மெயில் முகவரி.

கட்டிப் பார்த்தபோது பதினாலு கேபியைவிட இருநூற்றுப் பத்து எழுத்து அதிகம். குறிப்பின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"எடுக்கக் கூடாதுன்னு அவரே எழுதியிருக்காரே சார்."

"எழுதிட்டுப் போறான். அவன் இன்னா, ராயபுரத்துக்கு வந்து சண்டை போடப் போறானா?"

"இலவசமாக் குடுத்தவர் கேட்டது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிக்கணுமா?"

"கேட்டுக்கு வெளிய நிக்கறவனுக்கு அந்தப் பேரு சோறு போடுமா? எடும்மா."

"மாட்டேன் சார்."

சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அவளுக்கே தெரிந்தது. சேர்ந்த நாளிலிருந்து 'சரி சார்' தவிர வேறொன்றும் பேசியதில்லை.

டென்னிஸ் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "நாலு மணிக்கு பதினாலு கேபி. எப்படியோ பண்ணு" என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

ஹில்டா அக்கா நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். "யாரோ ஒரு ஆளுக்கோசரம் வேலைய வுட்றாத செல்வி. அவரு அமெரிக்காவுல பிட்சா துன்னுகினு இருப்பாரு."

ராமசெல்வி திரைக்குத் திரும்பினாள். காலேஜில் அவள் ஆறு மாதம் உட்கார்ந்து செய்த ப்ராஜெக்டை இன்னொருத்தி தன் பெயர் போட்டு மேடையேறிப் பரிசு வாங்கினாள். கீழே உட்கார்ந்து இவளும் கை தட்டினாள். அன்று வாய் திறக்கவில்லை.

நேர்மை, உழைப்பு என்று வாரத்துக்கு ஒரு தரம் பேசுகிறவர் டென்னிஸ். இவ்வளவுதானா இவர்?

அவள் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு இடங்களை ஒன்றாக்கினாள். நீளமான அறிவிப்புகளைச் சுருக்கினாள். மறுபடி கட்டினாள். இன்னும் நூற்றைம்பது எழுத்து அதிகம். மறுபடி. நூற்று இருபது. அதற்கு மேல் எதுவும் அசையவில்லை.

நேரம் மூன்று இருபது. மணியின் போன் கண்முன்னே சுற்றிக்கொண்டே இருந்தது. அவனையும் விட முடியாது. இந்தப் பெயரையும் திருட முடியாது.

கேட்டுவிடலாம்.

குறிப்பில் இருந்த முகவரிக்கு எழுத ஆரம்பித்தாள். 'மதிப்புக்குரிய ஐயா, உங்களை எனக்குத் தெரியாது' என்று தொடங்கி, லாரிகள் நிற்கும் வரிசை, சிக்னல் கிடைக்காத இடம், ரோட்டில் ஒரு நாள் கிடந்த மணி எல்லாவற்றையும் எழுதினாள். 'உங்கள் அனுமதி இல்லாமல் பெயரை எடுக்கும்படி என் முதலாளி சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சரி என்றால் எடுக்கிறேன். இல்லையென்றால் வேலை போனாலும் எடுக்க மாட்டேன்.'

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

டென்னிஸ் போனைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு, "டீ குடிச்சுட்டு வரேன்" என்று ஹில்டாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மூன்று முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. அமெரிக்காவில் இப்போது தூங்கும் நேரமோ என்னவோ என்று அவள் நினைத்தபோது பதில் வந்து விழுந்தது.

'கடுதாசி நல்லா கீது. நீளந்தான் ஜாஸ்தி. கீழ டீக்கடையிலதான் நிக்கறேன், உனக்கு பன்னு வாங்கவா? டைம் ஆவுது, அந்தப் பேர எடுத்துட்டு சீக்கிரம் கட்டும்மா. அது என் பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்ல பத்திரமா கீது.'