எதிர்க்கட்சி மாப்பிள்ளை

"உங்கள் மகள் எதிர்க்கட்சிக்காரனைக் கட்டிக்கொண்டால் சம்மதிப்பீர்களா?" இந்தக் கேள்வியோடு இருபது வருடம் புவனஸ் அயர்ஸில் வீடு வீடாக ஏறி இறங்கிப் புத்தகம் போட்ட சமூகவியல் பேராசிரியர் எசேக்கியேலுக்கு, அன்று அதே சோதனை சொந்த வீட்டில்.

"அப்பா, லவுதாரோவுக்கு உங்க கட்சின்னாலே ஆகாது," என்றாள் மகள் மிலாக்ரோஸ், காதலனை முன்னால் நிறுத்தி.

"அதுக்கென்னம்மா? கட்சி வேற, குடும்பம் வேற. உக்காருங்க மாப்ளே!" வீட்டார் ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சும் மாத்தே தேநீர்க் குடுவையை அவனிடம் நீட்டினார். "என்ன பண்றீங்க?"

"உங்க துறைதான் சார். போன மாசம் உங்க புத்தகத்துக்கு விமர்சனம் எழுதினேன்."

"ஓ... அது நீதானா?"

"ஆமா சார். அந்தக் கேள்விக்கு எல்லாரும் வாய்ப்பேச்சுக்குத்தான் சம்மதம்னு சொல்றாங்க, நம்ப முடியாதுன்னு..."

குடுவை வெடுக்கென்று திரும்பிப் போனது.

"எதிர்க்கட்சிக்காரனுக்கெல்லாம் என் பொண்ணைக் குடுக்க மாட்டேன், எழுந்திரிய்யா!"